ஐந்தில் மூன்று பங்கு

அன்று வண்டியில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, அம்மாவின் தமக்கையான பெரியம்மா, பெரியப்பா, நான். அம்மாவின் வயிற்றில் இருந்த தம்பியையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். இருந்திருக்க வேண்டியவர், ஆனால் இல்லாதவர், மாமா. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் எடுத்து நேரே கோயிலடிக்கு வந்துவிடுவார் என்று ஏற்பாடு. மாமா வராமல் காரியம் நடக்காது. ஏனென்றால் அன்றைக்கு என்னை விற்கப் போகிறார்கள். வாங்க வேண்டியவர் மாமா.

விற்கிறதென்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லாரும் எனக்குச் சொன்னார்கள். ஒருமுறையோடு விட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன். ஆளுக்கு ஆள் மாறிமாறிச் சொன்னதில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

எனக்கு முன்பு அம்மாவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. பரந்தனுக்குக் கிழக்கே குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்துப் பக்கத்துக் காணிகளில் காடு வெட்டிக் கொட்டில் போட்ட காலத்தில் நான் பிறந்தேன். பிறந்த நாளிலிருந்து எனக்கும் காய்ச்சல்தான். அம்மா, முல்லைத்தீவுக் கடலோரத்தில் இருக்கிற அம்மாளுக்கு நேர்த்தி வைத்தார்: இந்தப் பிள்ளை உன்ரை பிள்ளை, ஏழு வயது வரைக்கும் காப்பாற்றித் தா, அப்ப சந்நிதியிலை உனக்கே வித்துப்போட்டு, ஐந்து ரூபாய் உண்டியலிலை போட்டுத் திருப்பி வாங்கிறன். அம்மாளின் பிள்ளை என்றால் சாவு கிட்ட வராது. ஆனால் விற்ற பிள்ளையைப் பெற்றவர்கள் நேரே வாங்கக்கூடாது. வேறு உலையில் சோறு காய்ச்சுகிற ஒருவர் காசு போட்டு வாங்க வேண்டும். பிறகு பெற்றவர்கள் அவர் கையில் அதே காசைக் கொடுத்துப் பிள்ளையை எடுக்க வேண்டும். அதுவரைக்கும் பிள்ளை வாங்கினவருடையது. இதில் ஒளிப்பு மறைப்பு இல்லை, எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

எனக்கும் தெரியும். எனக்கு ஏழு வயது. எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டு, பாயில் கிடந்து அதையே யோசிக்கிற பழக்கம் அப்போதே இருந்தது.

வைகாசிப் பொங்கலுக்கு முதல் நாள் வெளிக்கிட்டோம். வண்டி வயலைத் தாண்டுவதற்கு முதலே எனக்குக் கவலைகள் தொடங்கிவிட்டன. குசினிக் கதவை அம்மா சாத்தினாரா? சில்லின் கடையாணி இறுக்கமாக இருக்கிறதா? விசுவமடுப் பக்கத்தில் யானை மறிக்கும் என்கிறார்களே, மறித்தால் யார் முதலில் இறங்குவது? பெரியம்மாவின் சேலைத் தலைப்பில் ஒரு முடிச்சு இருந்தது. அதற்குள் ஐந்து ரூபாய் நோட்டு ஒன்று இருந்ததை நான் காலையில் கண்டிருந்தேன். கோயிலடிக் கடையில் வெள்ளித் தகட்டில் செய்த தொட்டில் ஒன்று வாங்கி அம்மாளுக்குச் சாத்த வேண்டுமாம். வருசக்கணக்காக நெல் அவித்து விற்றுச் சேர்த்த காசு. பெரியம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அவர் தொடாத நேரத்தில் நான் பார்த்துக்கொண்டேன்.

"அப்பா, கடையாணியை ஒருக்காப் பாருங்கோ."

"இப்பதானே பிள்ளை பாத்தனான்."

"இன்னொருக்காப் பாருங்கோ."

"இவளை அம்மாள் வாங்கமாட்டா," என்றார் பெரியப்பா. "ரெண்டு நாள் வைச்சிருந்தா அம்மாளுக்கே காய்ச்சல் வந்திடும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் நான் கவலைப்படுகிற இடத்தில் ஒருநாளும் பிழை வருவதில்லை. அதற்குப் பக்கத்து இடத்தில்தான் வரும். கடையாணி அசையவில்லை. யானையும் வரவில்லை. விசுவமடுவில் தங்கி, விடிய வெளிக்கிட்டுப் புதுக்குடியிருப்பை நெருங்கும்போது சில்லின் இரும்பு வளையம் கழன்று றோட்டில் உருண்டு போனது. கொல்லன் ஒருவரைப் பிடித்து அதைக் காய்ச்சிப் போடுவித்ததில் அப்பாவின் கையிலிருந்த காசில் பெரும்பங்கு போய்விட்டது. அப்பா ஒன்றும் பதறவில்லை. மாமாதானே ஐந்து ரூபாயைப் போடப் போகிறவர், மருமகளுக்குத் தாய்மாமன் போட்டதைத் திருப்பி வாங்கவா போகிறார் என்று நினைத்திருப்பார்.

கோயிலடி ஒரு பட்டினமாக இருந்தது. சாதாரண நாளில் அங்கே மரங்களும் மணலும் காகங்களும்தான் என்று பெரியப்பா சொன்னார். அன்றைக்குத் தெருத் தெருவாகக் கடைகள், வரிசையாக நின்ற வண்டிகளால் ஆன ஒழுங்கைகள், தென்னோலைப் பந்தல்கள், எங்கே பார்த்தாலும் அடுப்புப் புகை. புகைக்குப் பின்னால் கடல் இரைகிற சத்தம் கேட்டது, ஆனால் கடல் தெரியவில்லை. காணாத ஒன்று விடாமல் இரைந்துகொண்டிருந்தால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. எழும்பி எழும்பிப் பார்த்தேன்.

அப்பா பஸ் நிற்கிற இடத்துக்குப் போனார், வந்தார். மறுபடி போனார். ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் யாழ்ப்பாணத்து ஆட்கள் குடையோடும் பெட்டியோடும் இறங்கினார்கள். மாமா இறங்கவில்லை. உச்சிப் பூசைக்கு முதல் பிள்ளையைக் கொண்டுவர வேண்டும் என்று பூசாரி ஆள் விட்டார்.

"வருவான்," என்றார் பெரியம்மா. "தம்பி அப்பிடிச் செய்யமாட்டான்."

"உங்கடை தம்பி என்ன செய்வார் எண்டு எனக்குத் தெரியும்," என்றார் அப்பா. அம்மா அவரைப் பார்த்தார். அப்பா மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார்.

கடைசியில் மாமா இல்லாமலே சந்நிதிக்குப் போனோம். அம்மா என்னைப் பூசாரியின் கையில் கொடுத்தார். அவர் என்னை அம்மாளுக்கு முன்னால் நிறுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அம்மாவின் சேலைத் தலைப்பில் ஒரு பிடி தவிட்டைப் போட்டார். அது எனக்கான விலை. ஒரு பிடி தவிடு! எங்கள் வீட்டு மாட்டுக்கு அதைவிடக் கூடுதலாக வைப்போம். அம்மா அதை வாங்கி முடிந்துகொண்டு பின்னால் போய்விட்டார். நான் தனியாக நின்றேன்.

"பிள்ளை அம்மாளின்ரை பிள்ளை," என்றார் பூசாரி. "ஆர் வாங்கிறது?"

பூசாரி இன்னொருமுறை கேட்டார். எங்களுக்குப் பின்னால் பூசைக்கு நின்ற சனம் நெருக்கத் தொடங்கியது. அப்பா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெரியம்மா அங்கேதான் நின்றார், வேறு உலையில் சோறு காய்ச்சுகிறவர், கையில் முடிச்சோடு. ஆனால் அவரை யாரும் பார்க்கவில்லை. அவரும் யாரையும் பார்க்காமல் தூண் ஓரமாக ஒதுங்கினார். பக்கத்து வண்டிக்காரப் பெண் ஒருவர் இன்னொருவரின் காதுக்குள், "பிள்ளை இல்லாத கை, அதாலை வாங்கப்படாது," என்று சொன்னது எனக்குக் கேட்டது. பிள்ளை இல்லாததால்தானே வாங்க வேண்டும், பிள்ளை இருக்கிறவர்கள் ஏன் இன்னொன்றை வாங்குகிறார்கள் என்று நான் யோசித்தேன்.

அம்மா திரும்பிப் பாராமலே சொன்னார், சத்தமாக.

"அக்கா, நீங்கள் வாங்குங்கோ."

"நானோ?"

"ஓம். நீங்கள்தான்."

பெரியம்மாவால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தார். பல்லால் கடித்து அவிழ்த்தார். நோட்டு உண்டியலுக்குள் போனது. பூசாரி என்னைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்குவது லேசில்லை. ஆனால் பெரியம்மா என்னை இறக்கவே இல்லை. வீதியைச் சுற்றி வண்டியடி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்.

வண்டியடியில் மிச்சச் சடங்கு. அப்பா ஐந்து ரூபாயைப் பெரியம்மாவிடம் கொடுத்து என்னை எடுக்க வேண்டும். அப்பா மடியைத் தட்டினார், பையைத் தட்டினார். இரண்டு ரூபாய் இருந்தது.

"மிச்சம் பேந்து தாறன் மச்சாள்," என்றார். அவருக்கு முகம் சிறுத்துவிட்டது.

"அதுக்கென்ன," என்று பெரியம்மா அந்த இரண்டு ரூபாயை வாங்கினார். "பேந்து தாங்கோ. அதுவரைக்கும் பிள்ளை என்ரை."

பகிடிதான். எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாவுக்குப் பகிடி கிடைத்தால் விடமாட்டார். வைக்கோலில் சாய்ந்துகொண்டு கணக்குப் பார்த்தார்.

"அஞ்சிலை ரெண்டு பங்குதான் உங்களுக்கு. மூண்டு பங்கு எங்களுக்கு. அப்ப தலையும் ரெண்டு கையும் எங்கடை. கால் ரெண்டும் உங்கடை."

"வயிறு?" என்று நான் கேட்டேன்.

"வயிறு ஆருக்கும் வேண்டாம். அதுக்குச் சோறெல்லோ போடவேணும்!"

அவர்கள் சிரித்து முடித்துப் பொங்கல் அலுவலுக்குப் போய்விட்டார்கள். நான் வண்டிக்குக் கீழே இருந்து என் கைகளைப் பார்த்தேன். இந்தக் கையால் சாப்பிட்டால் பெரியம்மாவிடம் கேட்க வேண்டுமா? வீட்டுக்குப் போனதும் எந்தக் கொட்டிலில் படுப்பது? அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நாளில் புதுப்பிள்ளை பிறக்கும். புதுப்பிள்ளை வந்த பிறகு, பழைய பிள்ளைக்கு மூன்று ரூபாய் கொடுப்பார்களா? அப்பா தெரிந்தவர்களிடம் 'பேந்து தாறன்' என்று சொன்ன காசுகளில் எதைக் கொடுத்தார் என்று யோசித்துப் பார்த்தேன். மண்வெட்டி வாங்கினது, விதைநெல் வாங்கினது. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மாமாவிடம் காசு இருக்கிறது. மாமா வந்தால் சரி. மாமாவை நான் போய்க் கூட்டிவர வேண்டும். கேட்காமல் போகலாமா என்றும் யோசித்தேன். கால் இரண்டும் அப்பாவுடையவை, பெரியம்மா குறை சொல்ல முடியாது. எழும்பி நடந்தேன்.

பஸ் நிற்கிற இடம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். கடைகளைத் தாண்டினேன், வண்டிகளைத் தாண்டினேன். தாழை மரங்கள் வந்தன. அப்புறம் மணல் சுட்டது. மணல் மேட்டில் ஏறினதும் முன்னால் ஒரேயடியாகக் கடல் நின்றது. அவ்வளவு நேரமும் இரைந்தது இதுதான். எனக்கு அதைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. பஸ்ஸைத் தேடினேன். கரையில் இழுத்து வைத்த வள்ளங்களும், மீனவர்கள் தங்குகிற ஓலை வாடிகளும், காய்கிற கருவாடும்தான் இருந்தன. திரும்பிப் பார்த்தேன். வந்த வழி தெரியவில்லை.

வாடி வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கண்டார். கழுத்தில் செபமாலை. கறுத்த, உயர்ந்த உருவம்.

"ஆற்ரை பிள்ளை மோனை நீ?"

இலேசான கேள்விதான். ஆர் கேட்டாலும் ஒரு சொல்லில் சொல்லியிருப்பேன், நேற்று வரைக்கும். இப்போது யாருடைய பெயரைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். பொய் சொன்னால் அம்மாள் கண்ணைக் குத்துவா.

"தெரியாது," என்றேன்.

"ஆற்ரை பிள்ளையெண்டு தெரியாதோ! கொப்பர் ஆர்?"

"அப்பா... அவர் ரெண்டு ரூவாதான் குடுத்தவர்."

"என்னத்துக்கு?"

"எனக்கு. அஞ்சு ரூவா குடுக்கவேணும். மூண்டு ரூவா இன்னும் குடுக்கேல்லை. அதுவரைக்கும் நான் பெரியம்மான்ரை. கால் மட்டும் அப்பான்ரை." சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெண் வலையைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு விளங்கிவிட்டது. சிரித்த சிரிப்பில் வாடிக்குள் படுத்திருந்த அவருடைய புருசன் எழும்பி வந்தார்.

"மாதாவே! இஞ்சேருங்கோ, கோயிலிலை வித்த பிள்ளை ஒண்டு கடனிலை வந்து நிக்குது. எங்கடை மாதாவுக்கும் வித்து வாங்கிறனாங்கள்தான், கடனுக்கு விக்கிறதை நான் இண்டைக்குத்தான் பாத்தன்." என் மூக்கைத் துடைத்துவிட்டார். "மூண்டு ரூவாதானே? நான் குடுக்கட்டே? எனக்கு நாலும் பெடியள். பெட்டை ஒண்டும் இல்லை. இருக்கிறியோ என்னோடை?"

இப்படி ஒரு வழி இருக்கிறதென்று நான் யோசிக்கவே இல்லை. மூன்றாவதாக ஓர் ஆள்! அவர் மடியிலிருந்து காசை எடுத்தால் முடிந்தது, சட்டப்படி நான் கருவாடு காயவைக்க வேண்டியதுதான். நான் அழுது குழறின குழறலில் அவர் பயந்துபோய் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பகிடிக்குச் சொன்னனான் மோனை. வா, உன்ரை கடன்காரரைத் தேடுவம்."

கோயிலடி முழுக்க அவர் சத்தம் போட்டுக்கொண்டே நடந்தார். "ஆற்ரை பிள்ளை இது? மூண்டு ரூவாப் பிள்ளை! காசு குடுத்த ஆக்கள் ஓடிவாங்கோ!" கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவருடைய கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மீனும் உப்பும் மணத்தது.

முதலில் ஓடி வந்தது பெரியம்மா. சேலைத் தலைப்பு மண்ணில் இழுபட, தலைமயிர் அவிழ்ந்து, பெயர் சொல்லக்கூட மூச்சில்லாமல் ஓடி வந்தார். தூரத்தில் அம்மா, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நடக்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் வந்துகொண்டிருந்தார்.

கடற்கரைப் பெண் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தார்.

"இதிலை ஆர் தாய்?"

நீட்டின கையோடு வந்த பெரியம்மா அந்த இடத்திலேயே நின்றார். கையை மடக்கிக்கொண்டார். ஓர் அடி விலகி, அம்மா வருகிறதுக்கு வழி விட்டார்.

எனக்கு அது பிழையாகப் பட்டது. காசு இன்னும் கொடுக்கவில்லையே. ஒழுங்கு என்றால் ஒழுங்கு. அம்மா கிட்ட வந்து கையை நீட்டினார். நான் அம்மாவைத் தாண்டிப் பெரியம்மாவிடம் இரண்டு கைகளையும் நீட்டினேன். கை இரண்டும் அவருடையவைதானே.

பெரியம்மா என்னை வாங்கினார். வாங்கின உடனே அழத் தொடங்கினார். அப்படி ஓர் அழுகையை நான் அவரிடம் கண்டதில்லை. மூன்று ரூபாய் தொலையப் பார்த்ததே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். "அழாதேங்கோ பெரியம்மா, அப்பா தருவார்," என்று அவருடைய முதுகைத் தடவிவிட்டேன். அவர் இன்னும் கூட அழுதார்.

அம்மா நீட்டின கையால் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடற்கரைப் பெண் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். பகிடியெல்லாம் அவர் முகத்திலிருந்து போய்விட்டிருந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "பிள்ளை பத்திரம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அம்மா சும்மா இருக்கவில்லை. எங்கள் குடியேற்றத் திட்டத்து ஆட்கள் வந்த வண்டி வண்டியாகப் போய், கைமாற்றாக மூன்று ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் வரும்போது மைம்மல் பொழுது. பந்தலில் விளக்கு ஏற்றியாயிற்று.

"அக்கா, இந்தாங்கோ."

பெரியம்மா என் தலைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"விளக்கு வைச்சாச்சு. இனிக் காசு கைமாறக்கூடாது. நாளைக்குப் பாப்பம்."

நாளைக்கு, திரும்பி வருகிற வழியில், அம்மா மறுபடி நீட்டினார். "செவ்வாய்க்கிழமையும் அதுவுமா உன்ரை கையாலை காசு வெளிக்கிடக் கூடாது. வை," என்றார் பெரியம்மா. வீட்டுக்கு வந்த பிறகு, பிள்ளைத்தாய்ச்சி கையால் கடன் தீர்க்கிறது நல்லதில்லை என்றார். தம்பி பிறந்தான், துடக்கு வீட்டுக் காசை எப்படி வாங்குகிறது என்றார். துடக்குக் கழிந்த அன்றைக்கு, சில்லறை வேண்டாம், தாளாகத் தா என்றார். அம்மா தாளாகத்தான் வைத்திருந்தார். அதற்குப் பிறகு அம்மா நீட்டுவதை விட்டுவிட்டார்.

மாமா இரண்டு மாதம் கழித்து வந்தார். பளையில் பஸ் பழுதாகி நின்றுவிட்டதாம். "அப்ப இன்னும் அங்கைதான் நிக்குதோ?" என்று பெரியப்பா கேட்டார். மாமா கோபித்துக்கொண்டு தேத்தண்ணியும் குடிக்காமல் போனார். அவர் பிறகு அனுப்பின மூன்று ரூபாயைப் பெரியம்மா தொடவே இல்லை. அதில் அப்பா ஒரு கத்தி வாங்கினார்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் இரண்டு வீட்டுக்கும் ஓடித் திரிந்தேன். இங்கே சாப்பிட்டால் அங்கே என்ன நினைப்பார்களோ, அங்கே படுத்தால் இங்கே கதவைப் பூட்டிவிடுவார்களோ என்று ஒரே யோசனை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தம்பியையும் அவனுக்குப் பின் பிறந்தவர்களையும் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்ற காலத்தில் ஒருநாள், முட்டை விற்றுச் சேர்த்த மூன்று ரூபாயை நானே கொண்டுபோய் நீட்டினேன். பெரியம்மா குரக்கன் புடைத்துக்கொண்டிருந்தார். காசைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஏன் பிள்ளை, போகப்போறியோ?" என்று கேட்டார்.

எங்கே போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. இல்லை என்றேன். "அப்ப ஏன் காசு?" என்று சொல்லிவிட்டுச் சுளகைத் தட்டத் தொடங்கிவிட்டார்.

ஒரு கொத்து நெல் கடன் நின்றாலும் விடியமுதல் படலையில் போய் நிற்கிற மனிசி அவர். உப்பு இரவல் கொடுத்தாலும் நினைவு வைத்திருப்பார். இந்தக் காசை மட்டும் ஏன் வாங்கவில்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வெள்ளித் தொட்டிலுக்கு அவர் பிறகு காசு சேர்க்கவில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்து காலில் விழப் போனபோது, அம்மா என் காதுக்குள், முதலில் பெரியம்மாவின் காலில் விழு என்றார்.

இரண்டு பேரும் இப்போது இல்லை. கணக்கு அப்படியே நிற்கிறது. மூன்று ரூபாய்.